மேடையில் கேட்ட அறிவுரையைப் பட்டறைக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: சிறுதொழில் நடத்துபவர்கள் பணம் கட்டி பிசினஸ் லீடர்ஷிப் மாநாடுகளுக்குப் போவதில் பயன் உண்டா? அங்கே பேசுபவர்கள் சொல்வதை அப்படியே செய்யலாமா?

போகலாம். அப்படியே செய்வதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கோவை கணபதிப் பக்கம் பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. அப்பா ஆரம்பித்தது, ஆறு வருஷமாக நான் பார்த்துக்கொள்கிறேன். வேலை செய்பவர்கள் 22 பேர். போன வருஷம் அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த ஒருநாள் மாநாட்டுக்கு ஜிஎஸ்டியோடு 8,850 ரூபாய் கட்டிப் போனேன். எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

காலையில் பெரிய மேடையில் பேசியவர் பன்னாட்டு நிறுவனங்களில் பெரிய பதவிகளில் இருந்தவர். நன்றாகப் பேசினார், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் அழுத்திச் சொன்ன ஒரு விஷயம்: ஆட்களை வருஷாவருஷம் வரிசைப்படுத்துங்கள். மேலே உள்ள 20 சதவீதம் பேருக்கு அள்ளிக் கொடுங்கள், நடுவில் உள்ள 70 சதவீதம் பேரை வளர்த்தெடுங்கள், கடைசி 10 சதவீதம் பேரை அனுப்பிவிடுங்கள். 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்கக் கம்பெனியை நடத்திய ஜாக் வெல்ச் பிரபலமாக்கிய முறை அது.

எங்கள் பட்டறையில் 10 சதவீதம் என்றால் இரண்டு பேர். அந்த இருவர் யார் என்று உட்கார்ந்த இடத்திலேயே மனசு கணக்குப் போட்டுவிட்டது. பீஸ் எண்ணிக்கையில் பார்த்தால் முதலில் போக வேண்டியவர் கிரைண்டிங் மெஷினில் நிற்கும் அண்ணன். 58 வயசு. மற்றவர்கள் ஷிஃப்டுக்கு 60 ஷாஃப்ட் முடித்தால் அவர் 45தான்.

அந்த வாரமே 400 ஷாஃப்ட் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பீஸில் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டார். "அம்மணி, இது ரவுண்டு நிக்கலீங்க. சென்டர்ல என்னமோ இருக்குது" என்றார். டயல் வைத்துச் சுற்றிக் காட்டினார், முள் இரண்டு கோடு ஆடியது. சென்டர் டிரில் மழுங்கிப்போய், மெஷினில் மாட்டுவதற்காக ஷாஃப்ட் முனையில் போட்ட சென்டர் துளையின் விளிம்பு பிசிறடித்திருந்தது. அதே சென்டரில் மாட்டி அரைத்திருந்தால் பேரிங் உட்காரும் இடம் வட்டமாகவே வந்திருக்காது. 400 பீஸும் திரும்பி வந்திருக்கும். அதற்கப்புறம் அந்தக் கஸ்டமர் எங்களைத் தேடி வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வீட்டுக்கு வந்து ஜெனரல் எலெக்ட்ரிக்கைப் பற்றிப் படித்தேன். 2018இல் அந்தக் கம்பெனியை, அமெரிக்கப் பங்குச்சந்தையின் முப்பது பெரிய கம்பெனிகள் அடங்கிய டோ ஜோன்ஸ் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2024 ஏப்ரலோடு அது மூன்று தனிக் கம்பெனிகளாகப் பிரிந்தும்விட்டது. ஆட்களைக் கழித்துக்கட்டியதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களுடைய நிதிப் பிரிவு 2008இல் பட்ட அடிக்கு அதில் பெரிய பங்கு. ஆனால் இதே மாதிரி ஊழியர்களை வரிசைப்படுத்திய மைக்ரோசாஃப்டும் 2013இல் அதைக் கைவிட்டது. இதில் ஒன்றைக்கூட மேடையில் சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேர் வேலை செய்யும் இடத்தில், போனவருக்குப் பதில் நாளைக்கே பத்துப் பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் உருவான யோசனை அது. எங்களுக்கு கிரைண்டிங் தெரிந்த ஒரு நல்ல ஆள் கிடைக்க எட்டு மாசம் ஆகும். யோசனை நல்லதா கெட்டதா என்பதைவிட, அது தப்பாகப் போனால் நஷ்டம் யாருடையது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். பேசியவருக்கு அதில் ஒரு ரூபாய் நஷ்டமில்லை.

மத்தியானம் சின்ன ஹாலில், இரும்பு உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரிக்காரர் பேசினார். நாற்பது பேர்தான் இருந்திருப்போம். ஸ்லைடு கிடையாது, போர்டில் மார்க்கரால் எழுதினார். விற்பனை நன்றாகக் கூடிக்கொண்டிருந்த வருஷத்தில்தான் சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணமில்லாமல் மனைவியின் நகையை அடகு வைத்தாராம். அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பிறகு கணக்கைப் போட்டுக் காட்டினார். இரும்புக்கு ஏழு நாளில் பணம் கட்டுகிறோம், கூலி வாராவாரம், கஸ்டமர் தருவதோ 90 நாள் கழித்து. மாசம் ஒரு லட்ச ரூபாய் வேலை கூடினால் மூன்று லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். ஆர்டர் கூடக் கூடக் கையில் காசு குறையும். எனக்கு அப்படியே எங்கள் கணக்குப் புத்தகத்தை யாரோ வாசித்துக் காட்டுவதுபோல் இருந்தது.

அவர் சொன்ன வழி இது: வரவேண்டிய பில்களை 30, 45, 60, 90 நாள் என்று கட்டம் போட்டு ஒரே தாளில் எழுதுங்கள், சனிக்கிழமை தவறாமல் புதுப்பியுங்கள்.

அதே ஹாலில் ஒரு வக்கீல், எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாளுக்கு மேல் போகக்கூடாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான், தராதவர்கள்மீது அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் போடுங்கள் என்றார். சட்டம் சரி. ஆனால் எங்கள் வேலையில் முக்கால்வாசி இரண்டே கஸ்டமர்களிடமிருந்து வருகிறது. புகார் போட்ட மறுநாள் ஆர்டர் நின்றால் வக்கீல் வந்து கூலி கொடுக்க மாட்டார். அதனால் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு தொழில்களுக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். பில்லில் எங்கள் உத்யம் எண்ணை, அதாவது சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு எண்ணை, பெரிதாக அச்சடித்தேன். பிப்ரவரி கடைசியில் அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு நேரில் போய், பழைய பில் பட்டியலைக் கையில் கொடுத்து, "மார்ச் முடிவதற்குள் முடித்துக் கொடுத்தால் உங்கள் ஆடிட்டருக்கும் சுலபம்" என்று மட்டும் சொன்னேன். 118 நாளாக நின்ற பில் மூன்று வாரத்தில் வந்தது. உறவும் கெடவில்லை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் அளவில், உங்களைப் போலக் கடனுக்குச் சரக்குக் கொடுத்துத் தொழில் செய்கிற ஒருவராவது பேசுகிறாரா என்று பாருங்கள். இருந்தால் போங்கள், அவர் பேசி முடித்ததும் டீ நேரத்தில் பிடித்து எவ்வளவு நஷ்டம், எத்தனை மாசம், எப்படி மீண்டீர்கள் என்று கேளுங்கள். பட்டவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள்.

அந்தத் தாள் இப்போது ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. இந்தச் சனிக்கிழமை 90 நாள் கட்டத்தில் ஒரே ஒரு பில்தான் பாக்கி. திங்கட்கிழமை காலையில் போன் செய்ய வேண்டும்.