அமெரிக்கத் தென் மாநிலங்களின் ‘ஸ்வீட் டீ’யை வீட்டில் எப்படிப் போடுவது? நான் போட்டால் மட்டும் ஏன் கலங்கிப் போகிறது?

கேள்வியில் நீங்கள் சொன்ன முறை இதுதான்: டீத்தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, சூடாகவே ஃபிரிட்ஜில் வைத்து, குடிக்கும்போது சர்க்கரையும் ஐஸும் போட்டிருக்கிறீர்கள். கலங்கல், வாய் இழுக்கும் துவர்ப்பு, டம்ளர் அடியில் கரையாத சர்க்கரை என மூன்று குறையும் சேர்ந்தே வந்திருக்கின்றன. அளவில் பெரிய தப்பில்லை, வரிசைதான் தலைகீழ். ஸ்வீட் டீ என்பது பால் இல்லாத, இனிப்பான ஐஸ் டீ. ஆனால் வெறுமனே ஆறிய டீயில் ஐஸ் போட்டது இல்லை. இனிப்பு சேர்ப்பது, தண்ணீர் விடுவது இரண்டையும் சூட்டிலேயே முடித்துவிட்டு, அதற்கப்புறம் அவசரப்படாமல் ஆறவிட வேண்டும்.

2 லிட்டருக்கு அளவு: சாதாரண டீ பேக் 7 (ஒன்றில் சுமார் 2 கிராம் தூள் இருக்கும்), சர்க்கரை 150 கிராம், ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, தண்ணீர் மொத்தம் 2 லிட்டர். அமெரிக்கக் கடைகளில் ‘ஃபேமிலி சைஸ்’ என்று பெரிய பேக்குகள் கிடைக்கும். அதில் ஒன்று ஏறக்குறைய 7 கிராம், 2 போட்டால் போதும். அங்கே வீடுகளில் கேலன் கணக்கில்தான் போடுவார்கள். ஒரு கேலன் என்றால் 3.8 லிட்டர். அதற்குப் பெரிய பேக் 3 அல்லது 4, சர்க்கரை ஒரு கப்பிலிருந்து ஒன்றரைக் கப் வரை. இரண்டு கப் போடுகிற வீடுகளும் உண்டு. அவர்களுடைய ஒரு கப் சர்க்கரை 200 கிராம். நான் சொன்ன 150 கிராம், கேலனுக்கு ஒன்றரைக் கப் என்பதை 2 லிட்டருக்கு ஏறக்குறையப் பாதியாக்கிய கணக்கு. இதில் 250 மில்லி குடித்தால் சுமார் 19 கிராம் சர்க்கரை, அதாவது நாலரை டீஸ்பூன், உள்ளே போகும். கோலா பானங்களில் 100 மில்லிக்கே 10 கிராமுக்கு மேல் இருப்பதால் இது அதைவிடக் குறைவுதான். ஆனால் சாப்பாட்டோடு மூன்று டம்ளர் குடிக்கிற வழக்கத்தையும் கணக்கில் வையுங்கள்.

முதலில் 700 மில்லி தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். இதுதான் நம் கைக்கு வராத இடம். தூளைப் போட்டு, பொங்கி மேலே வரும் வரை கொதிக்க வைத்தால்தான் டீ என்று நமக்குப் பழகிவிட்டது. பால் சேரும் டீக்கு அது சரி. பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும். இங்கே பால் கிடையாது, அதனால் கொதிக்க வைத்து இறக்கிய துவர்ப்பு அத்தனையும் நேரே நாக்குக்கு வரும். ஆகவே அணைத்த தண்ணீரில் சோடாவைப் போட்டு, டீ பேக்குகளை அமுக்கி, மூடி வைத்து 5 நிமிடம் விடுங்கள். 7 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தென் மாநிலத்து வீடுகளில் கால் மணி நேரம் ஊறவிடுவதும் உண்டு. சோடா காப்பாற்றும் என்ற தைரியம் அது. எடுக்கும்போது பேக்கைக் கரண்டியில் வைத்துப் பிழியாதீர்கள். கடைசியில் வரும் அந்த ஒரு ஸ்பூன் சாறு கசப்பும் கசடும்தான். தூக்கிப் பிடித்துச் சொட்ட விட்டால் போதும்.

பேக்கை எடுத்த கையோடு சர்க்கரையைக் கொட்டிக் கலக்குங்கள். தொடக்கத்தில் அடியில் கரண்டி ‘கரகர’ என்று உரசும். அந்தச் சத்தம் நின்று, கரண்டியை உயர்த்தி ஊற்றும்போது எண்ணெய் போன்ற கோடுகள் தெரியாமல் டீ ஒரே நிறமாக இறங்கினால் கரைந்துவிட்டது என்று அர்த்தம். அரை நிமிட வேலை.

அடுத்து, மீதி 1.3 லிட்டர் தண்ணீரை முதலில் ஜக்கில் ஊற்றிக்கொண்டு, அதன் மேல் இந்தச் சூடான டிகாஷனை ஊற்றுங்கள். இந்த வரிசைக்கு இரண்டு காரணம். கனமான சாதாரணக் கண்ணாடி ஜக்கில் நேராகக் கொதிநிலை டீயை ஊற்றினால் அடி விரிசல் விட்டுவிடும். கண்ணாடி தடிமனாக இருந்தால் தாங்கும் என்று நினைப்பார்கள். உண்மையில் உள்பக்கம் சட்டென்று விரிய வெளிப்பக்கம் விரியாமல் நிற்பதால், தடிமன்தான் எமன். இன்னொன்று, டிகாஷனைக் கெட்டியாகவே ஆறவிட்டால் கலங்கும் வாய்ப்பு அதிகம். சூட்டோடு நீர்த்துவிட்டால் அது குறையும். தண்ணீர் அறைச் சூட்டில் இருக்க வேண்டும், ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம். இப்படிக் கலந்ததும் டீ ஏறக்குறைய 50 டிகிரியில் நிற்கும். வெளியிலேயே ஒன்று ஒன்றரை மணி நேரம் மூடி வைத்து, ஜக்கைத் தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்தபின் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குடிக்க நாலு மணி நேரமாவது கழியட்டும்.

இனி கலங்கல். நல்ல ஸ்வீட் டீயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் பக்கம் பிடித்தால் விரல் தெரிய வேண்டும். கருஞ்சிவப்பு, ஆனால் தெளிவு. கலங்கியது ஒரு சொட்டுப் பால் விழுந்த மாதிரி இருக்கும். பால் விழவில்லை, அழுக்கும் இல்லை. கறுப்புத் தேயிலைக்கு நிறமும் துவர்ப்பும் தருகிற தியாஃபிளேவின், தியாருபிஜின் என்னும் பொருள்கள் சூட்டில் கரைந்து கிடக்கும். குளிர்ந்ததும் அவை காஃபீனோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் அளவு துகளாகிவிடும். டீக்காரர்கள் இதற்கு ‘கிரீமிங்’ என்பார்கள். டீ எவ்வளவு கெட்டியோ, எவ்வளவு வேகமாகக் குளிர்கிறதோ, அவ்வளவு கலங்கல். உப்புத் தண்ணீர், போர் தண்ணீர் என்றால் அதிலுள்ள கால்சியமும் சேர்ந்து இன்னும் மோசமாக்கும், மேலே மெல்லிய ஆடை வேறு படியும். வடிகட்டிய தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கலங்கிவிட்டால் கொட்ட வேண்டியதில்லை. ஜக்கில் அரை டம்ளர் கொதிநீர் ஊற்றிக் கலக்கிப் பாருங்கள். தெளிந்தால் அது வெறும் கிரீமிங், சுவைக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. தெளியாவிட்டால் தூள் கசடு இறங்கியிருக்கிறது, அல்லது கெட்டுப் போயிருக்கிறது.

ஆப்ப சோடா எதற்கு என்று பலருக்குச் சந்தேகம். டீ இலேசான அமிலம். சோடா அதைத் தணிக்கும்போது துவர்ப்பு மழுங்கும், நிறம் ஒரு படி கருக்கும், கலங்கலும் குறையும். ஆனால் சிட்டிகை என்றால் சிட்டிகைதான். 2 லிட்டருக்கு எட்டில் ஒரு டீஸ்பூன் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் சோப்புத் தண்ணீர் வாடை வரும், டீயின் மணமும் போகும். நல்ல இலைத் தேயிலை கையில் இருந்து 5 நிமிடத்தில் எடுத்துவிட்டால் சோடாவே தேவையில்லை என்பது என் கட்சி. தென் மாநிலத்துப் பாட்டிமார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எந்தத் தேயிலை? அங்கே பேக்குகளில் வருவது ஆரஞ்சு பீக்கோ, பீக்கோ எனப் பெயரிட்ட கறுப்புத் தேயிலைக் கலவை. (ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இலைத் தரத்தின் பெயர்.) ஐஸ் டீக்குத் தேயிலை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது குளிர்ந்தபின் தெளிவாக நிற்கிறதா என்பதைத்தான். அமெரிக்கா அர்ஜென்டினாவிலிருந்து ஏராளமாகத் தேயிலை வாங்குவதற்கு அது ஒரு காரணம். அதே குணத்துக்குப் பெயர் போனது நம் நீலகிரி இலைத் தேயிலை, குளிர்ந்தாலும் லேசில் கலங்காது. குன்னூர்ப் பக்கம் ஆர்த்தடாக்ஸ் என்று எழுதி விற்கும் முழு இலை கிடைத்தால் 14 கிராம் எடைபோட்டுப் போடுங்கள். வீட்டில் இருப்பது உருண்டை உருண்டையான சி.டி.சி. தூள் மட்டும்தான் என்றால் அதிலும் முடியும். அது பால் டீக்காகவே செய்யப்பட்டது, சட்டென்று இறங்கும். 12 கிராமாகக் குறைத்து, 3 நிமிடத்தில் மெல்லிய துணியில் வடித்துவிடுங்கள். டஸ்ட் டீயை மட்டும் விட்டுவிடுங்கள். எந்த வடிகட்டிக்கும் அது அடங்காது.

சர்க்கரையைப் பற்றி ஒரு கட்டுக்கதை சுற்றுகிறது: குளிர்ந்த டீ தாங்காத அளவு சர்க்கரை இதில் இருக்கிறதாம், அதனால்தான் சூட்டில் போடுகிறார்களாம். இல்லை. 0 டிகிரித் தண்ணீரே 100 மில்லிக்கு 180 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். ஸ்வீட் டீயில் இருப்பது 7, 8 கிராம்தான். பிரச்சினை கொள்ளளவில் இல்லை, வேகத்தில். குளிரில் கரைவது மந்தம், அதற்குள் சர்க்கரை அடியில் போய் உட்கார்ந்துவிடும், ஐஸ் நிறைந்த டம்ளரில் கரண்டியும் சுழலாது. ‘அன்ஸ்வீட்’ டீயும் சர்க்கரைப் பொட்டலமும் கொடுத்தால் தென் மாநிலத்துக்காரர் முகம் சுளிப்பது இதனால்தான். ஜார்ஜியாவிலோ தென் கரோலினாவிலோ சாப்பாட்டுக் கடையில் ‘டீ’ என்று மட்டும் கேட்டால், இனிப்புப் போட்ட ஐஸ் டீதான் பெரும்பாலும் வரும். வடக்கே அதே வார்த்தைக்குச் சூடான டீயோ சர்க்கரையில்லாத ஐஸ் டீயோ வரும். 2003-ல் ஜார்ஜியா சட்டமன்றத்தில், ஐஸ் டீ விற்கும் உணவகம் இனிப்பு டீயும் வைக்காவிட்டால் குற்றம் என்று ஒரு மசோதாவே வந்தது. ஏப்ரல் முட்டாள் தின விளையாட்டுக்காகக் கொண்டு வந்தார்கள்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போடலாமா என்றால், குடிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு பானம். அவற்றின் மணம் டீயை மூடிவிடும், தெளிவும் கிடைக்காது.

ஐஸ் விஷயத்தில் ஒரு கணக்கு. 28 டிகிரியில் இருக்கும் 200 மில்லி டீயை ஐஸில் ஊற்றினால், அது 0 டிகிரிக்கு இறங்குவதற்குள் ஏறக்குறைய 70 கிராம் ஐஸ் கரைந்துவிடும். டீயின் அளவில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்ததைத்தான் குடிப்பீர்கள். ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்கு ஆறிய டீ என்றால் 12, 13 கிராம்தான் கரையும். அதனால் டம்ளர் முழுக்க ஐஸ் போட்டு, ஏற்கெனவே குளிர்ந்த டீயை ஊற்றுங்கள். ஐஸ் நிறையப் போட்டால் சப்பென்று ஆகிவிடும் என்பது தப்பு. சூடு அதிகமாக இருந்தால்தான் சப்பென்று ஆகும்.

எலுமிச்சையை ஜக்கில் பிழியாதீர்கள், டம்ளரில் ஒரு துண்டு போதும். பிழிந்ததும் டீ நிறம் வெளுத்து ஆரஞ்சாகிவிடும். அமிலம் பட்டால் தேயிலை நிறம் அப்படித்தான் மாறும், கெட்டுப் போகவில்லை. தோலோடு ஜக்கில் ஊறினால் மறுநாள் கசக்கும். புதினா விருப்பப்பட்டால், சர்க்கரை கரைக்கும்போது ஒரு கைப்பிடி போட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். பாதி டீ, பாதி லெமனேட் கலந்தால் அதற்கு ஆர்னால்ட் பாமர் என்று பெயர், கோல்ஃப் வீரர் பெயர்தான். இனிப்பு அதிகம் என்று தோன்றுகிறவர்கள் அங்கே ‘ஹாஃப் அண்ட் ஹாஃப்’ கேட்பார்கள். இனிப்புப் போட்டதும் போடாததும் சரிபாதி.

பாரம்பரிய முறை எது என்றும் கேட்டிருந்தீர்களே, அதில் ஒரு திருப்பம் இருக்கிறது. அச்சில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய இனிப்பு ஐஸ் டீ செய்முறைகளில் ஒன்று 1879-ல் வெளியான ஒரு வர்ஜீனியா சமையல் புத்தகத்தில் இருக்கிறது. அது பச்சைத் தேயிலையில் போட்டது. சர்க்கரையைச் சூட்டில் சேர்க்காமல் கோப்பையில் ஐஸோடு போடச் சொல்கிறது. 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் இந்தியத் தேயிலையை விளம்பரப்படுத்த வந்த ரிச்சர்ட் பிளெச்சிண்டன் வெயில் தாங்காமல் ஐஸ் டீயைக் கண்டுபிடித்தார் என்ற கதை பரவலாக ஓடுகிறது. 1879-ஐப் பார்த்தாலே அது நிற்காது என்று தெரியும். அவர் பிரபலப்படுத்தினார், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான், சீனப் பச்சைத் தேயிலை வரத்து அறுந்து இந்தியக் கறுப்புத் தேயிலை கைக்கு வந்தபின்தான் இன்றைய கருஞ்சிவப்பு ஸ்வீட் டீ நிலைத்தது.

வெயிலில் ஜாடியை வைத்துப் போடும் ‘சன் டீ’ செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வெயிலில் அந்தத் தண்ணீர் 55 டிகிரியைத் தாண்டுவது அரிது, இலையில் இருக்கும் கிருமி சாகாது, பெருகுவதற்கு இதமான சூடு அது. 90 டிகிரிக்கு மேல் உள்ள தண்ணீரில் குறைந்தது 3 நிமிடம் ஊறியிருக்க வேண்டும். போட்ட டீயை வெளியில் 8 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நம்மூர் வெயிலில் நான் அதையும் பாதியாக்குவேன். ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் மூன்று நாள் நிற்கும். ஊற்றும்போது பாகு போல் கனமாக விழுந்தாலோ, நூல் நூலாக ஏதாவது மிதந்தாலோ முகர்ந்து பார்க்கக்கூட வேண்டாம், கொட்டிவிட்டு ஜக்கைக் கொதிநீரில் கழுவுங்கள். குழாய் வைத்த டிஸ்பென்சர் என்றால் குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும், அழுக்கு தங்குவது அங்கேதான்.

மூன்றாம் நாள் மிச்சம் இருக்கும் போலத் தெரிந்தால், முந்தின நாளே ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். அடுத்த ஜக்குக்கு அந்தக் கட்டியையே போட்டால் கரைந்தாலும் டீதான்.