பழைய டமியா காரில் மெக்கானிக்கல் ஸ்பீட் கன்ட்ரோலை எடுத்துவிட்டு ஈஎஸ்சி போடுவது எப்படி? தோட்ட ரோட்டில் ஏறுமா?

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த பழைய டமியா பகி, அதாவது ரிமோட்டில் ஓடும் சின்னக் கார். உள்ளே சர்வோ (ஒரு கையை நகர்த்தும் சின்ன மோட்டர் பெட்டி) நகர்த்தும் மெக்கானிக்கல் ஸ்பீட் கன்ட்ரோல், அதன் பித்தளைத் தகடு கருகிவிட்டது. புறக்கோட்டையில் ஹொபிவிங் குயிக்ரன் 1060 ஈஎஸ்சி, அதாவது எலக்ட்ரோனிக் ஸ்பீட் கன்ட்ரோல் ஒன்று வாங்கியாகிவிட்டது. மோட்டர் 540, பெட்டரி 7.2 வோல்ட் நிக்கல். எந்த வயர் எங்கே போகும், தலவாக்கலைப் பக்கத்து ஏற்றத்துக்குத் தாங்குமா, பிறகு பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டர் போடலாமா என்பதுதான் கேள்வி.

நான் ஹட்டனில் ரேடியோ, போன் ரிப்பேர் பார்க்கிறவன். இந்த மாதிரி கார்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். வயர் கொடுப்பது ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. நம்மூரில் ஓட்டுகிறவர்கள் அதைவிட அதிகமாக யோசிக்க வேண்டியது சூட்டைப் பற்றி. அதனால் இந்தப் பதிலில் பாதி வயர், பாதி சூடு.

முதலில் எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று பாருங்கள். பழைய அமைப்பில் ஒரு சர்வோ கை பித்தளைத் தகட்டின் மேல் நகரும். மெதுவாக ஓட வேண்டுமென்றால் கரண்ட் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும், மிச்சச் சக்தி முழுதும் அங்கே சூடாக வீணாகும். வெள்ளைப் பீங்கான் கட்டி மாதிரி இருக்கும் அந்த ரெசிஸ்டரை ஓடி முடித்த கையோடு தொட்டால் விரல் சுடும். ஈஎஸ்சி அப்படிச் செய்வதில்லை. உள்ளே இருக்கும் மொஸ்ஃபெட் என்னும் எலக்ட்ரோனிக் சுவிட்சுகள் விநாடிக்கு ஆயிரம் தடவையோ அதற்கு மேலோ கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கும். கரண்ட் பாயும் நேரம் கூடினால் வேகம் கூடும். ஆகவே அந்த சர்வோ, பித்தளைத் தகடு, ரெசிஸ்டர் மூன்றும் வெளியே. கழற்றிய சர்வோ நல்லதாக இருந்தால் ஸ்டீயரிங்குக்கு உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பலர் கவனிக்காமல் விடுவது. பழைய கார்களில், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கென்று நான்கு பென் டோர்ச் பெட்டரி போடும் பெட்டி ஒன்று தனியாக இருக்கும். அதையும் கட்டாயம் கழற்ற வேண்டும். ஈஎஸ்சிக்குள்ளேயே பிஈசி என்று ஒரு பகுதி இருக்கிறது. பெரிய பெட்டரியிலிருந்து சுமார் 6 வோல்ட் எடுத்து, ரிசீவருக்குப் போகும் மெல்லிய சிவப்பு வயர் வழியாக அது கொடுக்கும். ரிசீவரும் ஸ்டீயரிங் சர்வோவும் அதிலேயே ஓடும். பெட்டியையும் விட்டுவைத்தால் இரண்டு சப்ளை ஒன்றோடொன்று மோதி, பிஈசியோ ரிசீவரோ போய்விடும்.

இப்போது ஈஎஸ்சியை எங்கே வைப்பது. மோட்டருக்குக் கிட்டே, ரிசீவருக்குத் தூரமாக, காற்றுப் படுகிற இடம். ரெசிஸ்டர் இருந்த இடம் பெரும்பாலும் தோதாக இருக்கும். சேசிஸை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு, தடித்த டபுள் சைட் டேப்பில் ஒட்டுங்கள். பழைய ரிசீவரில் நீளமான அன்டெனா வயர் இருந்தால் அதை வெட்டவும் கூடாது, சுருட்டி மோட்டர் வயரோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. அந்த நீளம் கணக்குப் பார்த்து வைத்தது.

ஈஎஸ்சியிலிருந்து வருவது மூன்று கூட்டு. பெட்டரிக்குப் போகும் தடித்த சிவப்பும் கறுப்பும், மோட்டருக்குப் போகும் இரண்டு தடித்த வயர்கள், ரிசீவருக்குப் போகும் மூன்று மெல்லிய வயர்கள்.

பெட்டரிப் பக்கம் விளையாட்டே கூடாது. சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலான ஈஎஸ்சிகள் அந்த நொடியே புகைந்துவிடும், பிறகு ரிப்பேர் செய்து எடுப்பது கஷ்டம். வயர் கலரை மட்டும் நம்ப வேண்டாம். மலிவான பெட்டரிகளில் கலர் ஒரு மாதிரியும் பிளக் உள்ளே வேறு மாதிரியும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பெட்டரி பிளக்கில் சிவப்பு முனை தொடும் இடம் பிளஸ் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் இணையுங்கள்.

ரிசீவர் பிளக் பெரும்பாலான கார் ரிசீவர்களில் இரண்டாவது சேனலுக்குப் போகும். முதல் சேனல் ஸ்டீயரிங். கறுப்பு அல்லது பழுப்பு மைனஸ், நடுவில் சிவப்பு, வெள்ளை அல்லது ஒரேஞ்ச் சிக்னல். ரிசீவர் ரொம்பப் பழையது என்றால் முள் வரிசை மாறியிருக்கலாம், பெட்டியில் அச்சடித்திருக்கும் அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மோட்டர் வயர் இரண்டையும் எப்படிக் கொடுத்தாலும் எதுவும் எரியாது, திசை மட்டும் மாறும். ஆனால் கார் பின்னோக்கி ஓடினால் என்ன செய்வது என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். காரணம் இரண்டு இருக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சில்லுகளைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, முன்னே போகும் பக்கம் ட்ரிகரை இழுங்கள். உடனே, முழு வேகத்தில் சில்லு பின்னோக்கிச் சுற்றினால் ஈஎஸ்சி சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறது, மோட்டர்தான் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. மோட்டர் வயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். அப்படியில்லாமல் முதல் இழுப்பில் ஒன்றும் நடக்காமல், விட்டு மறுபடி இழுத்த பிறகுதான் அரை மனதோடு சுற்றுகிறது என்றால், நீங்கள் முன்னே என்று சொல்வதை ஈஎஸ்சி பிரேக், ரிவர்ஸ் என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு ரிமோட்டில் இருக்கும் த்ரொட்டல் ரிவர்ஸ் சுவிட்சைத் தட்ட வேண்டும். ஃபுட்டாபா ரிமோட்டுகளில் இது அடிக்கடி தேவைப்படும். இதை வயரை மாற்றிச் சரிசெய்தால் கார் முன்னே போவது போலத் தெரியும், ஆனால் காலம் முழுக்க ரிவர்ஸ் பக்கத்தில்தான் ஓடும். 1060இல் முன்னோக்கி 60 அம்பியர், பின்னோக்கி 30 அம்பியர்தான். ஏற்றத்தில் அந்தப் பாதி போதாது.

மோட்டரையும் ஒரு தடவை பாருங்கள். முனைகளுக்குக் குறுக்கே ஒன்றும், ஒவ்வொரு முனையிலிருந்து மோட்டர் உடம்புக்கு ஒவ்வொன்றுமாக, 104 என்று எழுதிய சின்ன கெப்பாசிட்டர் மூன்று இருக்க வேண்டும். பிரஷ் எழுப்பும் பொறி ரிசீவரைக் குழப்பாமல் தடுப்பது அதுதான். இல்லையென்றால் ஸ்டீயரிங் நடுங்கும். முன்பு ரேஸுக்கு ஓடிய மோட்டர் என்றால் முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) இருக்கலாம். ரிவர்ஸ் உள்ள ஈஎஸ்சிக்கு அது ஆகாது. ரிவர்ஸ் போட்டவுடன் நேராக ஷோர்ட் ஆகும். வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஈயம் வைக்கும் வேலைக்கு வருவோம். உங்கள் பெட்டரியில் வெள்ளை நிற டமியா பிளக் இருக்கும். சமதரையில் சும்மா ஓட்ட அது போதும். ஏற்றத்தில் அந்தச் சின்ன முள் சூடேறி, பிளாஸ்டிக் இளகி, பிளக் ஒட்டிக்கொள்ளும். டி பிளக்குக்கோ எக்ஸ்டி60க்கோ மாறுங்கள். போன் கடையில் இருக்கும் மெல்லிய அயர்ன் இதற்குப் பற்றாது, தடித்த வயர் சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும். 60 வொட் அயர்ன், கொஞ்சம் அகன்ற முனை வேண்டும். குளிர்காற்று அடிக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். நம்மூர் பின்னேரக் காற்றில் முனை நிமிடத்தில் ஆறிவிடும்.

ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை முதலிலேயே வயரில் கோத்துத் தள்ளி வைத்துவிடுங்கள். பிளக்கின் ஜோடியை அதில் மாட்டிய பிறகே ஈயம் வையுங்கள், அப்போதுதான் சூட்டில் முள் சாயாது. வயர் நுனிக்குத் தனியாக ஈயம் ஏற்றுங்கள், பிளக்கின் கிண்ணத்துக்கும் தனியாக ஏற்றுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள். ஈயம் உருகிப் பளபளவென்று வயரின் இழைகளுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அயர்னை எடுத்த பிறகு இரண்டு மூன்று விநாடி கையை அசைக்கக் கூடாது. ஆறியதும் மழுமழுவென்று இருக்க வேண்டும். சொரசொரப்பாக, உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று அர்த்தம், திரும்பச் செய்யுங்கள். ஒரு பக்கத்தை மூடிய பிறகே அடுத்த வயருக்குப் போங்கள். பெட்டரிப் பக்கத்துக்கு எப்போதும் முள் வெளியே தெரியாத பெண் பிளக்தான்.

முதல் தடவை போடும்போது சில்லுகள் அந்தரத்தில் இருக்கட்டும். ரிமோட் முதலில், ஈஎஸ்சி பிறகு. நிறுத்தும்போது ஈஎஸ்சி முதலில், ரிமோட் கடைசி. ட்ரிகரைத் தொடாமல், ரிமோட்டில் நடுநிலையைத் திருத்தும் ட்ரிம்மை நடுவில் வைத்து, சுவிட்சைப் போட்டு மூன்று விநாடி பொறுங்கள். 1060 அந்த நேரத்தில் நடுநிலையைத் தானே படித்துக்கொள்ளும். அதன் முதுகில் இரண்டு சின்ன ஜம்பர் இருக்கிறது, ஒன்று பெட்டரி வகை, மற்றது ஓடும் முறை. உங்களுக்கு இப்போது நிக்கல். நாளைக்கு லிப்போ (லித்தியம் பொலிமர்) பெட்டரி வாங்கினால் ஜம்பரை மாற்றாமல் ஓட்டவே கூடாது. லிப்போ செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டு ஊதிப்போகும், நிக்கல் அமைப்பில் ஈஎஸ்சி அவ்வளவு சீக்கிரம் நிறுத்தாது.

சரி, ஏற்றம். எங்கள் லயத்திலிருந்து ஃபெக்டரிக்கு ஏறும் ரோட்டில் பிள்ளைகள் கார் ஓட்டும்போது பார்ப்பேன். மெதுவாக, திணறித் திணறி ஏறுகிற கார்தான் சூடாகும், வேகமாக ஏறும் கார் அவ்வளவு சூடாகாது. இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மோட்டர் சுற்றும்போது தானே ஒரு எதிர் வோல்ட்டை உண்டாக்கி, உள்ளே வரும் கரண்டைக் குறைக்கும். சுற்று குறையக் குறைய அந்த எதிர்ப்பும் குறைந்து கரண்ட் பாயும். உங்கள் 540 மோட்டர் சும்மா சுற்றும்போது இரண்டு மூன்று அம்பியர்தான் குடிக்கும். சில்லு கல்லில் சிக்கி நின்றுபோன நிலையில் ட்ரிகரை இழுத்துக்கொண்டே இருந்தால் அறுபது, எழுபதைத் தொடும். சூடு அந்தக் கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

அதனால் ஏற்றத்துக்கு மோட்டர் தண்டில் இருக்கும் கியரான பினியனைச் சின்னதாக்க வேண்டும், அதாவது பல் குறைந்தது. சைக்கிளில் ஏற்றத்துக்குக் கியர் குறைப்பது போலத்தான். மேல் வேகம் குறையும், மோட்டர் வேகமாகச் சுற்றும், கரண்ட் குறையும். சில பழைய பகிகளில் கியர் பெட்டி மாற்ற இடம் கொடுக்காது. அப்படியென்றால் ஓட்டும் விதத்தை மாற்றுங்கள். ஏற்றத்தில் நின்று கிளப்பாமல் கொஞ்சம் ஓட்டம் எடுத்து ஏறுங்கள். சிக்கினால் உடனே ட்ரிகரை விடுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி மோட்டரைத் தொட்டுப் பாருங்கள். மூன்று விநாடி விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் ஆறவிடுங்கள். ஈஎஸ்சி அளவு மீறிச் சூடானால் தானே மோட்டரை நிறுத்தும். ஆறியதும் மறுபடி ஓடுகிறதே என்று தொடர்ந்து ஓட்டினால் மொஸ்ஃபெட்டின் ஆயுள் போகும்.

இறக்கத்துக்கு ஓடும் முறை ஜம்பரை முன், பிரேக், ரிவர்ஸ் உள்ள இடத்தில் வையுங்கள். முதல் தள்ளலில் பிரேக், விட்டு மறுபடி தள்ளினால் ரிவர்ஸ். கல்லும் பள்ளமுமான ஒற்றையடிப் பாதையில் ஊர்ந்து ஏறி இறங்குவதுதான் ஆசை என்றால், அதே கம்பெனியின் 1080 பொருத்தம். ட்ரிகரை விட்டவுடன் தானே பிடிக்கும் ட்ராக் பிரேக்கை அதில் கூட்டிக் குறைக்கலாம்.

மழைக்கு ஒரு வார்த்தை. ஈஎஸ்சி தண்ணீர் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ரிசீவர் தாங்காது. ஊதாத பலூனுக்குள் ரிசீவரை விட்டு, வாயை வயரோடு சேர்த்துக் கட்டுவது மலிவான வழி. தென்மேல் மழைக் காலத்தில் ஓட்டாமல் வைத்திருந்தாலே மூடுபனி ஈரத்தில் பிளக் முள் பச்சை பிடிக்கும். பெட்டரியைக் கழற்றி வையுங்கள், காரை அடுப்படி மாதிரி உலர்ந்த பக்கத்தில் வையுங்கள், நெருப்புக்குக் கிட்டே வேண்டாம். நுவரெலியா, நானுஓயாப் பக்கம் தை மாதக் காலைக் குளிரில் பெட்டரி சோர்ந்துதான் வரும். ஓட்டுமுன் வீட்டுக்குள் சாதாரணச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

கடைசியாக பிரஷ்லெஸ். போடலாம், ஆனால் 1060 அதற்கு உதவாது. மூன்று வயர் மோட்டருக்கு வேறு ஈஎஸ்சி வேண்டும். சென்சர் இல்லாத வகையில் திசை மாறினால் எந்த இரண்டு வயரையும் மாற்றலாம். சென்சர் கேபிள் உள்ளதில் ஏ, பி, சி வரிசை மாறவே கூடாது. உங்கள் காரின் பழைய பிளாஸ்டிக் கியருக்கு அந்த வேகம் அதிகம், ஒரு ஏற்றத்திலேயே பல் வழித்துவிடும். அந்தக் காசுக்கு முதலில் நிரம்பியதும் தானே நிறுத்தும் நல்ல சார்ஜர் ஒன்றும், இன்னொரு பெட்டரியும் வாங்குங்கள். கழற்றிய ஸ்பீட் கன்ட்ரோலின் படம், மோட்டர் முனைப் பக்கத்துப் படம் இரண்டையும் கேள்வியில் சேர்த்தால், டயோட் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.