கையெழுத்தை விடுங்கள், ஸ்கேனை வாங்குங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 6.5 பவர். கண்ணாடியை விட்டுவிடும் ஆசையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். "கருவிழி பலவீனமாக இருக்கலாம், லேசர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வேறோர் இடத்தில் "தாராளமாகச் செய்யலாம்" என்று லேசிக் செய்தார்கள். ஒரு வருடம் நன்றாக இருந்தது. இப்போது, 14 மாதமாகும்போது, வலது கண்ணில் எழுத்துகள் நிழல் விழுந்ததுபோல இரட்டையாகத் தெரிகின்றன. எக்டேசியா (கருவிழி மெலிந்து முன்னால் பிதுங்குவது), உடனே கிராஸ்லிங்கிங் செய்ய வேண்டும் என்கிறார்கள். அறுவை செய்த இடத்தில் கேட்டால், "படிவத்தில் எல்லாம் இருக்கிறது, நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்று பதில். அந்தப் படிவத்தை அறுவைக்கு அரை மணி நேரம் முன்புதான் கொடுத்தார்கள். கிராஸ்லிங்கிங்கை இலவசமாகச் செய்கிறோம், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்கிறார்கள். அறுவைக்கு முன் கருவிழித் தடிமன் 498 மைக்ரான் என்று ஒரு சீட்டில் இருக்கிறது. வழக்குப் போட முடியுமா?

பதில்: முதலில், எழுதிக் கொடுக்காதீர்கள். இலவச சிகிச்சைக்கு விலையாக உங்கள் உரிமை முழுவதையும் கேட்கிறார்கள். கண் இன்னும் எவ்வளவு மோசமாகும் என்று தெரியாத நிலையில் அதற்கு யாரும் விலை பேச முடியாது.

ஆனால் வழக்கைக் காரணம் காட்டி சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். கிராஸ்லிங்கிங் என்பது ரிபோஃப்ளேவின் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை இறுக்குவது. மேலும் சரியாமல் நிறுத்தத்தான் அது. போன பார்வையை முழுதாகத் திருப்பித் தராது. நஷ்டத்தைக் குறைக்க முயன்றீர்களா என்று நீதிமன்றமும் கேட்கும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: கிராஸ்லிங்கிங்குக்கு முன்பே, சம்பந்தமில்லாத வேறொரு மருத்துவமனையில் இரண்டு கண்ணுக்கும் டோபோகிராபி, அதாவது கருவிழியின் வடிவத்தைக் காட்டும் ஸ்கேன், எடுத்து வையுங்கள். சிகிச்சைக்குப் பிறகு கருவிழியின் வடிவம் மாறும். இன்றைய நிலைக்கு அப்புறம் சாட்சி கிடைக்காது.

இனி கையெழுத்து. அறுவையைச் சரியாகச் செய்தும் வரக்கூடிய ஆபத்தை ஏற்கிறேன் என்பதுதான் அதன் பொருள். செய்யக்கூடாத கண்ணில் செய்யுங்கள் என்று யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. எனவே கேள்வி இரண்டு. உங்கள் கண்ணில் லேசிக் செய்திருக்கலாமா? செய்யலாம் என்றே வைத்தாலும், அபாயத்தை உங்களுக்குப் புரியச் சொன்னார்களா?

முதல் கேள்விதான் கனமானது. கணக்கைப் பாருங்கள். லேசருக்காகக் கருவிழியின் மேலே மூடிபோலத் திறக்கும் மெல்லிய அடுக்கான ஃப்ளாப்புக்கு சுமார் 110 மைக்ரான். ஒரு டயாப்டர் பவருக்கு ஏறக்குறைய 15 மைக்ரான் லேசர் சீவும் என்று வைத்தால், 6.5-க்குக் கிட்டத்தட்ட 98. மிச்சம் 290. குறைந்தது 250 மைக்ரான் மீதம் இருக்க வேண்டும் என்பது பழைய அளவுகோல். 300 வேண்டும் என்று வைத்துக்கொள்ளும் மருத்துவர்களும் உண்டு. ஃப்ளாப்பும் லேசர் சீவுவதும் சேர்ந்து தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் தொட்டால் எச்சரிக்கை என்று இன்னொரு அளவுகோல்; உங்களுக்குச் சுமார் 42 வருகிறது. எதிர்த்தரப்பு 250-ஐக் காட்டும், நாம் 40-ஐக் காட்டுவோம். இப்படி எண்களை மட்டும் வைத்து மோதினால் வழக்கு இழுபறிதான்.

தீர்ப்பைத் திருப்பக்கூடியது தடிமன் அல்ல, அறுவைக்கு முன் எடுத்த டோபோகிராபி வரைபடம். கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி லேசிக்குக்கு ஆகாது என்பதில் மருத்துவ உலகில் சர்ச்சையே இல்லை. அதன் தொடக்க அறிகுறி, கீழ்ப்பகுதி மட்டும் செங்குத்தாக இருப்பதோ பின்பக்கம் லேசாக உப்பியிருப்பதோ, அந்தப் படத்தில் இருந்து அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் உங்கள் வழக்கு திடமானது. அச்சுப் பிரதி மட்டும் போதாது. வண்ண அளவுகோலைப் பெரிதாக வைத்தால் சிறிய மேடு படத்தில் மறைந்துவிடும். கருவியிலுள்ள மூலக் கோப்பையே கேளுங்கள். படம் எடுத்த தேதியையும் பாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரா நீங்கள்? சாதாரண மென் லென்ஸைக்கூடச் சில நாட்கள், பொதுவாக ஒன்றிரண்டு வாரம், கழற்றி வைத்த பிறகே அளவெடுக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸ் கருவிழியின் வடிவத்தை மாற்றும். கழற்றிய அன்றே படம் எடுத்து "தாராளமாகச் செய்யலாம்" என்றிருந்தால், அந்த அவசரமே ஒரு பிழை.

இரண்டாவது கேள்விக்குக் கண் வழக்கு ஒன்றே வழிகாட்டி. ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர், 1992, ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம். ஒரு கண்ணில் ஏற்கெனவே கிட்டத்தட்டப் பார்வையே இல்லாத பெண். அந்தக் கண்ணில் செய்த அறுவையால் நல்ல கண்ணும் போனது. 14,000-ல் ஒருவருக்கு வரும் ஆபத்துதான். ஆனாலும் அவருக்கு அது முக்கியம், சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015-ல் மான்ட்கோமரி வழக்கில் அதே பக்கம் வந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில், நோயாளி முடிவெடுக்கப் போதுமான தகவல் வேண்டும் என்றது. ஆனால் எவ்வளவு போதும் என்பதில் மருத்துவர்களின் வழக்கத்துக்கும் இடம் விட்டது. லேசிக் உயிர் காக்கும் அறுவை அல்ல, அரை மணியில் முடிவெடுக்க ஒரு அவசரமும் இல்லை. அதனால் படிவம் தந்த நேரம் உங்கள் பக்கம் பேசும்.

சரி, இப்போது கொஞ்சம் சங்கடமானது. முதல் மருத்துவமனை சொன்னதை இரண்டாவது இடத்தில் சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை. சொல்லியிருந்தால், எச்சரிக்கை தெரிந்தும் கத்தி வைத்தார்கள். மறைத்திருந்தால், "ஆபத்து அவருக்கே தெரியும், எங்களிடம்தான் சொல்லவில்லை" என்பார்கள். கிடைக்கும் தொகை குறையலாம். கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது கெரட்டோகோனஸ் உண்டா என்று படிவத்தில் கேட்டிருப்பார்கள். அங்கே என்ன எழுதினீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இதையெல்லாம் உங்கள் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அவர் முதல்முறையாகக் கேள்விப்படக் கூடாது.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. காலக்கெடு அதைப் பொறுத்தது. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு. பிரிட்டனில் பொதுவாக 3 ஆண்டு, பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்தும் எண்ணலாம். எந்த நாள் கணக்கு என்ற வாதத்தில் மாட்டாமல் அறுவை நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். 2 ஆண்டு என்றால் உங்களுக்கு 10 மாதம்தான் மீதி. ஆவணங்களை இன்றே எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு அத்தாட்சி வையுங்கள். இந்திய விதிப்படி 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். முதல் மருத்துவமனையின் குறிப்பையும் ஸ்கேனையும் மறக்க வேண்டாம். அது எதிர்த்தரப்பின் கையில் இல்லாத சாட்சி. காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று தோன்றினால், வேண்டாம் என்பேன். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கிலேயே முடிவானது. உங்களுக்குத் தேவை இழப்பீடு.

ஆவணங்கள் வந்ததும் கருவிழி நிபுணர் ஒருவரிடம், யார் செய்தது என்று சொல்லாமல், அறுவைக்கு முந்தைய படத்தை மட்டும் காட்டி, "இந்தக் கண்ணுக்கு லேசிக் செய்வீர்களா?" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள், நோட்டீஸ் அனுப்பலாம். படம் சுத்தமாக இருக்கிறது, நானும் செய்திருப்பேன் என்று அவர் சொன்னால், சாதாரணக் கருவிழியிலும் அபூர்வமாக எக்டேசியா வருவதுண்டு. அப்போது முதல் கேள்வியில் நமக்குப் பிடிப்பில்லை. தகவல் தராத குறையை மட்டும் வைத்து சமரசம் பேசலாம், நீதிமன்றம் ஏற நான் சொல்ல மாட்டேன்.