அப்பாவின் வகுப்புக் குறிப்பேடுகள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். கட்டடக்கலைக்கும் எனக்கும் உள்ள ஒரே தொடர்பு என் அப்பா. இளம் வயதில் சென்னையில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் எட்டு ஆண்டுகள் வரைபடம் போட்டார். பிறகு ஒரு கல்லூரியில் 26 ஆண்டுகள் கட்டடக்கலை ஆசிரியராக இருந்தார். சென்ற ஆவணியில் காலமானார்.

அவர் அறையில் ஒரு தகரக் குழாய் நிறைய டிரேசிங் தாள்கள் இருக்கின்றன. நீலப் பிரதிகள் (புளூபிரிண்ட்) தனியாக ஒரு கட்டு. வகுப்புக்காக எழுதிய குறிப்பேடுகள் 43. மாணவர்கள் வரைந்த ஷீட்கள் இரண்டு பெரிய கட்டுகள். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஸ்லைடுகள். தை பிறப்பதற்குள் வீட்டை வாடகைக்கு விட வேண்டும். கட்டி முடித்த கட்டடங்களின் வரைபடங்களில் நல்லதாக நான்கைந்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வோம், மற்றதைப் பழைய பேப்பர் கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்கிறார் அண்ணன். கடைக்காரர் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். அம்மாவுக்கு 78 வயது. அவர் எதுவும் சொல்லவில்லை.

காப்பகங்கள் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுவதால் கேட்கிறேன். பெரிய கட்டடக் கலைஞர்களின் காகிதங்களைக் காப்பாற்றுவது புரிகிறது. அப்பா புகழ்பெற்றவர் அல்ல. அவர் வரைந்த கட்டடங்கள் எதிலும் அவர் பெயர் இல்லை. அவருடைய பாடக் குறிப்புகளால் யாருக்கு என்ன பயன்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, கோவை)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணன் சொன்னதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எதையாவது கைவிட்டே ஆக வேண்டுமென்றால் நீலப் பிரதிகளை விடுங்கள். குறிப்பேடுகளையும் மாணவர் ஷீட்களையும் விடாதீர்கள். கடைக்காரர் மறுபடி வந்தால் இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஒரு கட்டடத்தின் இறுதி வரைபடம் பிரதி எடுப்பதற்காகவே வரையப்படுவது. டிரேசிங் தாளில் மையால் வரைந்து, அதிலிருந்து நீலப் பிரதியோ, அம்மோனியா ஆவியில் துலங்கவைக்கும் அம்மோனியா பிரதியோ எடுப்பார்கள். கட்டுபவருக்கு ஒன்று, அனுமதிக்காக நகராட்சிக்கு ஒன்று, ஒப்பந்தக்காரருக்கு ஒன்று, வேலை நடக்கும் இடத்துக்கு ஒன்று என்று பிரிந்துபோகும். மூன்று அழிந்தாலும் நான்காவது எங்காவது ஒரு பீரோவில் கிடக்க வாய்ப்பு உண்டு. எல்லாமே அழிந்தாலும், கட்டடம் நிற்கிறதென்றால் நாடாவைப் பிடித்து அளந்து மறுபடி வரைந்துவிடலாம். ஒரு ஆசிரியர் வகுப்பில் சொன்னதை யாராலும் அளந்து வரைய முடியாது. அதற்கு இருப்பது அந்த 43 குறிப்பேடுகள் மட்டும்தான்.

பெரியவர்களின் காகிதங்கள் காப்பாற்றப்படுவது புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் தானாக நடந்ததில்லை. லூயி கான் 1974 மார்ச் 17 அன்று, அகமதாபாத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்தார். வயது 73. உலகமே அறிந்த கட்டடக் கலைஞர். டாக்காவில் அவருடைய நாடாளுமன்றக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஆனால் பிலடெல்பியாவில் அவர் அலுவலகம் பெருங்கடனில் மூழ்கியிருந்தது. கடன்காரர்களுக்குக் கொடுக்க அங்கே விலைபோகக்கூடியதாக இருந்தவை அவர் வரைந்த தாள்கள். தனித்தனியாக விற்றிருந்தால் இன்று அவை நூறு வீடுகளின் வரவேற்பறைச் சுவர்களில் அழகாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு கட்டடத்தின் கதையும் நமக்குத் தெரியாமல் போயிருக்கும். பென்சில்வேனியா மாநில அரசு முழுவதையும் ஒன்றாக விலைக்கு வாங்கி, கான் கடைசி வரை பாடம் நடத்திய பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வைத்தது. அப்படித்தான் அவை தப்பின.

அந்தக் காப்பகத்தில் மஞ்சள் டிரேசிங் தாளில் கரியால் வரைந்து, அழித்து, அதன் மேலேயே மறுபடி வரைந்த தாள்கள் இருக்கின்றன. கூடவே கடிதங்கள். அகமதாபாத்தின் இந்திய மேலாண்மைக் கழக வளாகத்தை வடிவமைக்கும் பணி கானிடம் வந்தது 1962இல். அவரை அழைத்து வருவதில் முன்னின்றவர் அகமதாபாத் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி. கான் இருந்தது பிலடெல்பியாவில், செங்கல் அடுக்கப்பட்டது அகமதாபாத்தில். தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்ளும் காலம் அல்ல அது; சந்தேகமெல்லாம் தபாலில் போய்த் தபாலில் திரும்பியது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த இளைஞர்கள் வேலையைக் கவனித்தார்கள். கான் மறைந்த பிறகு மிச்சத்தைத் தொடர்ந்தவர் கட்டடக் கலைஞர் அனந்த் ராஜே. இத்தனை கைகள் பட்ட கட்டடத்தை ‘கானின் கட்டடம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கடிதங்களைப் படித்தால்தான் மற்றவர்கள் தெரிவார்கள்.

2020 டிசம்பரில் அந்த வளாகத்தின் 18 மாணவர் விடுதிகளில் 14ஐ இடிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. உலகெங்கிலுமிருந்து எதிர்ப்பு எழுந்து, சில நாட்களில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. விவாதம் அத்தோடு முடியவில்லை. எனக்கு வேண்டியது அதில் எழுந்த கேள்வி. சுவர் உதிர்வதற்குக் காரணம் செங்கல்லின் தரமா, நிலநடுக்கமா, நீர்க்கசிவா, பராமரிப்பா, முதலிலேயே வடிவமைப்பில் இருந்த பிழையா? வெளியே நின்று பார்ப்பவருக்குச் செங்கல் வளைவும் அதை இழுத்துப் பிடிக்கும் கான்கிரீட் விட்டமும் தெரியும். உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது, ஏன் அங்கே ஓடுகிறது என்பது தாளில்தான் இருக்கும். அதே வளாகத்தில் விக்ரம் சாராபாய் நூலகத்தைச் செப்பனிட்டு மீட்டார்கள். அதற்கு 2019இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. பழுது பார்க்க வேண்டியவருக்குப் பழைய காகிதம் நோயாளியின் பழைய மருத்துவச் சீட்டைப் போன்றது.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளி 1919இல் வைமரில் தொடங்கி, டெஸாவுக்குப் போய், பெர்லினுக்குப் போய், 1933இல் நாஜிகளின் நெருக்கடியில் மூடப்பட்டது. 14 ஆண்டுகள்தான். ஆசிரியர்களும் மாணவர்களும் நாடு நாடாகச் சிதறினார்கள். 1960இல் டார்ம்ஸ்டாட்டில் அதற்கென ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. பிறகு பெர்லினுக்கு மாறியது. ஒரு மாணவி தன் பெட்டியில் கொண்டுபோன பயிற்சித் தாள், யாரோ எடுத்துவைத்த வகுப்புக் குறிப்பு, நண்பர்கள் கூடி எடுத்துக்கொண்ட புகைப்படம் என்று பலர் வீட்டில் கிடந்தவைதான் மெல்ல மெல்ல அங்கே வந்து சேர்ந்தன. யாராவது ஒருவரின் அண்ணன் வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பெட்டி நமக்கு வரவே இல்லை.

அங்கே ஓவியர் பால் க்ளீ 1921 முதல் 1931 வரை பாடம் நடத்தினார். அவர் எழுதிவைத்த பாடக் குறிப்புகள் ஏறத்தாழ 3,900 பக்கங்கள். இன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பத்திரமாக இருக்கின்றன. முதல் விரிவுரைக்கு அவர் இட்ட தேதி 1921 நவம்பர் 14. புள்ளி நகர்ந்து கோடாவதிலிருந்து தொடங்குகிறார். ஒரு பெரிய ஓவியர் வகுப்புக்குப் போகுமுன் உட்கார்ந்து, அன்று சொல்லப்போவதை எழுதிப் பார்த்திருக்கிறார். அவருடைய ஓவியங்களைப் பார்த்து மட்டும் இதை யாரும் ஊகித்திருக்க முடியாது.

அதே பள்ளியில் ஆசிரியராக இருந்த யோசெஃப் ஆல்பெர்ஸ் மாணவர்களிடம் வெறும் காகிதத்தைக் கொடுப்பார். வெட்டலாம், மடிக்கலாம், வீணாக்கக் கூடாது. தட்டையான தாள் தன் பலத்தில் எழுந்து நிற்க வேண்டும். அந்தக் காகிதக் கோபுரங்களில் பெரும்பாலானவை இன்று புகைப்படங்களில் மட்டும் இருக்கின்றன. யாரோ ஒருவர் கேமராவைக் கொண்டுவந்ததால் அந்த அளவாவது கிடைத்தது. உங்கள் அப்பாவின் ஸ்லைடு டப்பாவில் இப்படி ஏதாவது இருக்கக்கூடும். வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள்.

காப்பாற்ற ஆளில்லாமல் போனவர்களையும் சொல்ல வேண்டும். கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். ஊர் திரும்பி, உள்ளூர் நெசவையும் மண்பாண்ட வேலையையும் அரக்கு வேலையையும் நவீன வீட்டுக்குள் கொண்டுவந்தார். கண்டியை அடுத்த வட்டபுளுவயில் குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, குடிவரப்போகும் குடும்பங்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்து, எப்படி வாழ விரும்புகிறீர்கள் என்று கேட்டபின் வரைந்தார். ஐம்பதுகளில் அப்படிக் கேட்ட கட்டடக் கலைஞர்கள் எத்தனை பேர்? பின்னாளில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தார். அவர் கட்டிய வீடுகள் பல இன்று இல்லை. கானுக்கு நடந்ததுபோல் ஒரு அரசு வந்து அவர் காகிதங்களை வாங்கவில்லை. தாமே பழைய படங்களையும் கடிதங்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் சேர்த்து ஒரு தன்வரலாற்று நூலைத் தொகுத்தார். 1998இல் அவர் இறந்தார். நூலும் அந்த ஆண்டே வெளிவந்தது. இன்று அவரை ஆராய்பவர்கள் முதலில் போய் நிற்பது அந்த நூலின் முன்புதான். அவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லு கொர்பூசியேவுக்கு எழுதிய கடிதங்கள் பாரிஸில் இருக்கின்றன, கடிதங்களைப் பெற்ற லு கொர்பூசியேவுக்கு ஒரு அறக்கட்டளை இருந்ததால். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அப்பா புகழ்பெற்றவர் அல்ல என்கிறீர்கள். தகரக் குழாயைத் திறந்து, ஒவ்வொரு டிரேசிங் தாளின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். வரைந்தவர், சரிபார்த்தவர் என்று சிறு கட்டங்கள் இருக்கும். அவற்றில் அப்பாவின் முதலெழுத்து இருக்கலாம். கட்டடத்தில் இல்லாத பெயர் அங்கே இருக்கிறது. தாளைச் சாய்த்துப் பார்த்தால் சில இடங்கள் மங்கலாகத் தெரியும். மையால் போட்ட கோட்டை பிளேடால் சுரண்டி எடுத்து, அதன் மேல் மறுபடி வரைந்த தடம் அது. ஒரு ஜன்னல் எங்கே இருந்து எங்கே நகர்ந்தது என்பதை இறுதிப் பிரதி சொல்லாது, அந்தச் சுரண்டல் சொல்லும். இந்தக் காரணத்தால் டிரேசிங் தாள்களையும் கைவிட வேண்டாம் என்பேன்.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு திருமண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் சேர்த்தார். யாரும் மதிக்காத காகிதங்கள். இன்று சென்னையில் அவர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றைத் தேடி அறிஞர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கட்டடக்கலையை எப்படிக் கற்பித்தார்கள், கான்கிரீட்டையும் ஓட்டுக் கூரையையும் எந்தச் சொற்களில் ஒப்பிட்டார்கள், ஜூரியில் (மாணவர் வரைந்ததை ஆசிரியர்கள் கூடி மதிப்பிடும் அமர்வில்) மாணவரிடம் என்ன கேட்டார்கள் என்று நாளை ஒருவர் எழுத உட்கார்ந்தால், அவருக்குக் கல்லூரியின் பாடத்திட்ட நகல் கிடைக்கும். வகுப்பு கிடைக்காது.

என் அப்பா கணக்கு ஆசிரியர். அவருடைய பாடக் குறிப்பேடுகளை ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது நாங்களே எடைக்குப் போட்டோம். நானும் தூக்கிக் கொடுத்தேன். பச்சை அட்டை, சணல் கயிறு. பின்னங்களை அவர் ஒரு விதமாக விளக்குவார். அது எப்படி என்று எனக்கு இப்போது நினைவில்லை.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. எந்தக் கட்டையும் பிரிக்கும் முன் அது இருக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். அப்பா எதை எதோடு சேர்த்துக் கட்டினார் என்பதே ஒரு தகவல். அளவு பார்த்தோ அழகு பார்த்தோ மாற்றி அடுக்க வேண்டாம். கட்டுக்கு ஒரு எண், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள்; சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளையும் கெடுக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அம்மோனியா பிரதிகள் அருகில் உள்ள தாள்களில் கறை ஏற்றும், அவற்றைத் தனியாக வையுங்கள். நீலப் பிரதி வெளிச்சத்தில் வெளிறும். சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று அண்ணன் ஆசைப்படுவது நியாயம்தான். நல்ல நகல் எடுத்து அதை மாட்டட்டும், மூலம் இருட்டில் இருக்கட்டும். ஸ்லைடுகளில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். அந்த டப்பாவைத் தரையில் வைக்காதீர்கள்.

மாணவர் ஷீட்களில் பெயரும் மதிப்பெண்ணும் அப்பாவின் சிவப்புப் பென்சில் திருத்தமும் இருக்கும். வரைந்தவர்கள் பலர் இப்போது நடுவயதில் எங்கோ வேலையில் இருப்பார்கள். பொதுவில் வெளியிடும் முன் அவர்களைக் கேட்டுவிடுங்கள். நீங்கள் கேட்கும்போது ஒவ்வொருவரும் ஒரு நினைவைச் சொல்வார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. முதலில் அப்பா பணிபுரிந்த கல்லூரியின் நூலகத்தைக் கேளுங்கள். வாங்கிக்கொண்டால் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள், வெளி ஆய்வாளர்களும் பார்க்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள். தோஷி 1962இல் அகமதாபாத்தில் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளி இன்று செப்ட் பல்கலைக்கழகம். அங்கே கட்டடக்கலை ஆவணங்களுக்கென்றே ஒரு காப்பகம் இயங்குகிறது. அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதலாம். யாரும் முன்வராவிட்டால் 43 குறிப்பேடுகளும் ஒரு இரும்புப் பெட்டியில் அடங்கும். ஒரு பெட்டிக்கு வாடகை வீட்டிலும் இடம் இருக்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அம்மா எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை குறிப்பேடுகளை அவர் எதிரே வைத்து, எது எந்த ஆண்டு, அந்த ஸ்லைடில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று கேளுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஊறும். அவர் சொன்னதை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.