கைதிக்குச் செய்த சிறு உதவி மிரட்டலாக மாறினால்

கேள்வி: சிறைக் காவலராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. நன்றாகப் பழகும் கைதி ஒருவர், நோயுற்ற தாயாரின் நிலையை விசாரித்துச் சொல்லும்படி கெஞ்சினார். இரக்கப்பட்டு என் கைபேசியிலிருந்து அவர் வீட்டுக்குப் பேசினேன். இப்போது வெளியிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வரச் சொல்கிறார். மறுத்தால், போனில் பேசியதை வெளியே சொல்லிவிடுவாராம். இனி கைதிகளிடம் பேசாமலே இருந்துவிடலாமா?

பதில்: அடுத்த பணிக்குப் போகும் முன்பே மேலதிகாரியிடம் எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். எந்த நாளில், எந்த எண்ணுக்குப் பேசினீர்கள், பொட்டலத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் என்ன என்று அப்படியே எழுதுங்கள். அழைப்புப் பதிவை அழிக்காதீர்கள். விளக்கம் கேட்பார்கள், தண்டனையும் வரலாம். ஆனால் போனில் பேசியது ஒழுங்கு மீறல். பொட்டலம் உள்ளே போனால் அது குற்ற வழக்கு. உங்கள் பயம்தான் அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். நீங்களே சொல்லிவிட்டால் அது பறிபோகும்.

அவரிடம் பேரம் பேசவோ சவால் விடவோ வேண்டாம். வேறு பிளாக்குக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். இன்னொன்றையும் அறிக்கையில் சேருங்கள்: அவரே உள்ளே யாருக்காவது கடன்பட்டு, அடிக்குப் பயந்து உங்களை நெருக்குகிறாரா என்று விசாரிக்க வேண்டும். சிறைக்குள் இது அடிக்கடி நடக்கிறது.

இத்தகைய வலை மெதுவாகத்தான் பின்னப்படும். முதலில் 'மற்றவர்களைப் போல இல்லை நீங்கள்' என்ற பாராட்டு, பிறகு உங்கள் குடும்பத்தைப் பற்றிய விசாரிப்பு, அதன் பிறகு யாருக்கும் கெடுதல் இல்லாத ஓர் உதவி. கேட்பது உதவியா, சோதனையா என்று அறிய எளிய வழி உண்டு. சக காவலர் முன்னிலையில், பதிவேட்டில் எழுதிவிட்டுச் செய்ய முடியாத எதையும் செய்யாதீர்கள்.

தாயாரின் நோய் உண்மையாகவே இருக்கலாம். கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 70-ஆவது விதி, நெருங்கிய உறவினரின் கடும் நோயைக் கைதிக்கு உடனே தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமை என்கிறது. சூழ்நிலை இடம் கொடுத்தால் நேரில் பார்க்க அனுமதிக்கவும் சொல்கிறது. அவருடைய கோரிக்கையை மனுவாக வாங்கி மேலே அனுப்பியிருந்தால், அவருக்கும் நியாயம் கிடைத்திருக்கும், நீங்களும் சிக்கியிருக்க மாட்டீர்கள்.

பேசாமல் இருப்பது மட்டும் கூடவே கூடாது. தினமும் இரண்டு வார்த்தை பேசும் காவலருக்குத்தான், நீதிமன்றம் போய் வந்தவர் சாப்பாட்டைத் தொடாமல் தள்ளிவைப்பதும், தன் பொருட்களைப் பக்கத்து செல்காரருக்குக் கொடுத்துவிடுவதும் கண்ணில் படும். தற்கொலை எண்ணத்தின் அறிகுறிகளாக அவை இருக்கலாம்; உடனே மருத்துவப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். சண்டை மூளப்போவதும் அப்படித்தான் முன்கூட்டியே தெரியவரும். வழக்கு, உணவு, உடல்நலம் பற்றித் தாராளமாகப் பேசுங்கள். உங்கள் வீடு, பிள்ளைகள், சம்பளம், சக காவலர்கள் மீதான மனக்குறை ஆகியவற்றை வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டுப் பணிக்கு வாருங்கள்.