சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு மூன்று வேளைச் சாப்பாடு?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது, 165 செ.மீ. உயரம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். “வேலை வெட்டி இல்லாம உட்கார்ந்திருக்கிறவனுக்கு மூணு வேளைச் சாப்பாடு எதுக்கு?” என்று சொல்லி, மூன்று மாதமாக இரவில் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பாலோடு படுத்துவிடுகிறார். காலையில் மூன்று இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, இரண்டு வேளை காபி, பிஸ்கட், அவ்வளவுதான். 65 கிலோ இருந்தவர் இப்போது 60. எப்போதும் அசதி. சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சில நாள் விடியற்காலையில் சட்டை நனைய வியர்த்து எழுகிறார். போன வாரம் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வந்தபின் ஒரு நாள் தெம்பாக இருந்தார். உண்மையிலேயே அவருக்கு எவ்வளவு சாப்பாடு தேவை?

பதில்: சாப்பாட்டுக் கணக்குக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த வியர்வை. சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இரவுச் சாப்பாடு இல்லாத வயிற்றோடு அந்த மாத்திரையும் சேர்ந்தால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கிவிடலாம். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், குழப்பமான பேச்சு எல்லாம் அதற்கான அறிகுறிகள். அடுத்த முறை வியர்த்து எழுந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றாலும் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், இரவுச் சாப்பாட்டை விட்ட கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி அப்பாவின் வாதம். உழைப்புக்குத்தான் சாப்பாடு என்பது அவர் கணக்கு. கம்பம் ஏறிய காலத்தில் சாப்பிட்ட அளவு இப்போது வேண்டியதில்லை, அதில் அவர் சொல்வது சரிதான். ஆனால் நாள் முழுக்கக் கட்டிலில் படுத்தே கிடந்தாலும் அவர் உயரத்துக்கும் எடைக்கும் வயதுக்கும் சுமார் 1,300 கலோரி செலவாகும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாள் செலவில் பாதிக்கு மேல் இந்தச் ‘சும்மா இருக்கும்’ செலவுதான். மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஓய்வில் ஆகும் செலவிலோ ஐந்தில் ஒரு பங்கு அதற்கு. தூக்கத்திலும் அது பெரிதாகக் குறைவதில்லை. கல்லீரலும் கிட்டத்தட்ட அதே அளவு கேட்கும். இதயம் நாளுக்கு ஒரு லட்சம் முறை துடிக்கிறது, சிறுநீரகம் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டர் போக மிச்சத்தைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்புகிறது. இதெல்லாம் ஓய்வுபெறாத வேலைகள்.

குளிப்பது, கடைக்குப் போய்வருவது, சாப்பிட்டதைச் செரிப்பது எல்லாம் சேர்த்தால் அவருக்கு 1,750 கலோரி வரை வேண்டும். லைன்மேனாக இருந்தவரிடம் யூனிட் கணக்கில் சொல்லிப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரம் 860 கலோரிக்குச் சமம் (உணவில் நாம் கலோரி என்பது கிலோகலோரியைத்தான்). அப்படியானால் அவர் உடம்பு நாளுக்கு இரண்டு யூனிட் எடுக்கிறது. இரண்டு மாத ரீடிங் 120 யூனிட்!

நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன், 1,200-ஐத் தாண்டுவது கஷ்டம். படுத்தே கிடப்பதற்குக்கூடப் போதாது. பற்றாக்குறைக்குக் கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்து போகும். இந்த வயதில் போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. இன்னொன்று, வரவு குறைந்தால் உடம்பு செலவையும் சுருக்கிக்கொள்ளும். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் வழக்கமானதில் பாதி அளவு, சுமார் 1,570 கலோரி உணவு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் வெறுமனே இளைக்கவில்லை. நாடித்துடிப்பு குறைந்தது, எப்போதும் குளிரியது, எதிலும் பிடிப்பில்லாமல் போனது. உங்கள் அப்பாவின் அசதியில் ஒரு பங்காவது இந்தச் சிக்கனமாக இருக்கலாம்.

டிரிப்ஸ் விஷயம். நம் ஊரில் அசதி என்றாலே ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்கிறார்கள். 5 சதவீத குளுக்கோஸ் 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், 100 கலோரிக்கும் குறைவு. இரண்டு இட்லி அளவுதான். அதுவே வெறும் சலைன் என்றால் கலோரி பூஜ்யம். அன்றைக்கு வந்த தெம்பு, தண்ணீர்ச்சத்து குறைந்திருந்த உடம்புக்குத் தண்ணீர் கிடைத்ததால் வந்திருக்கலாம். டானிக், பி-காம்ப்ளக்ஸ் மாத்திரையும் அப்படித்தான்: உணவிலிருந்து ஆற்றலை எடுக்க வைட்டமின் உதவும், ஆனால் அதுவே ஆற்றல் ஆகாது.

அதற்காகச் சோற்றை இரண்டு கரண்டி கூட்டிப் போட்டுவிடாதீர்கள், சர்க்கரை ஏறும். கூட்ட வேண்டியது பருப்பு, முட்டை, தயிர், மீன். 60 கிலோ உள்ள முதியவருக்கு நாளுக்கு 60 கிராம் புரதம் நல்லது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டர் சொல்லும் அளவு. இரவில் பழத்துக்குப் பதில் ஒரு அடை, அல்லது ஒரு முட்டை தோசை. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், இல்லையென்றால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. 30 கிராம் கடலையிலேயே 170 கலோரியும் 7 கிராம் புரதமும் கிடைத்துவிடும். பல் சரியில்லை என்றால் பாசிப்பருப்புக் கஞ்சி. கூடவே நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் வேண்டும், சாப்பிடும் புரதம் தசையில் சேர அது உதவும்.

மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைந்ததற்குச் சாப்பாட்டை மட்டுமே காரணமாக வைத்துவிட முடியாது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் சாப்பிட்டது சிறுநீரில் போய் எடை குறையும். எனவே டாக்டரைப் பார்க்கும்போது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), ஹீமோகுளோபின், தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு) பரிசோதனைகளையும் கேளுங்கள். மாத்திரை மெட்ஃபார்மின் என்றால், பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் அசதியாகத்தான் வெளியே தெரியும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.