வார்டில் மகள் என்ன கற்கிறாள்?

கேள்வி: என் மகள் தாதிமை டிப்ளோமா இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். இப்போது பினாங்கில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி. தினமும் வீட்டுக்கு வந்து, நோயாளியைத் துடைத்துவிட்டேன், புரட்டிப் படுக்க வைத்தேன் என்றே சொல்கிறாள். ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் எப்போது கற்றுக்கொடுப்பார்கள்?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, துடைப்பதையும் புரட்டுவதையும் எடுபிடி வேலையாக எண்ண வேண்டாம், அவையும் சிகிச்சையே. பக்கவாதத்தால் அசைய முடியாமல் கிடப்பவரின் முதுகைத் துடைக்கும்போது, வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று மாணவி பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் அது வெளிறவில்லை என்றால், படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம்மில் பலருக்கு உள்ள கருநிறத் தோலில் இந்தச் சிவப்பு எளிதில் கண்ணில் படாது என்பதால், சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட்டு, அந்த இடத்தில் சூடோ இறுக்கமோ மிகுந்திருக்கிறதா என்று தொட்டும் அறிய வேண்டும். இதைப் பாடநூலில் படிக்கலாம். கைக்கு வருவது வார்டில்தான். கண்டதைப் பொறுப்புத் தாதியிடம் சொல்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை (வழக்கமாக 2 மணி), எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தீர்மானித்து, அவ்வாறே செய்து, அடுத்த முறை தோல் எப்படி இருக்கிறது என்று குறித்து வைக்கிறார்கள்.

ஊசியும் மருந்தும் நிச்சயம் வரும். கல்லூரிப் பயிற்சிக்கூடத்தில் பொம்மை உருவத்தில் பழகிய பிறகு, வார்டில் பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்போது மட்டுமே செய்யவிடுவார்கள். கைப்பழக்கம் விரைவில் வந்துவிடும். நோயாளியைக் கவனித்து அதன்படி நடந்துகொள்ளவே நாளாகும். இன்சுலின் போடும் ஒரு பாட்டி, "கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது" என்றால், மாணவி உடனே பொறுப்புத் தாதியை அழைக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, பாட்டி தெளிவாக விழுங்கும் நிலையிலும் இருந்தால், 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிப்பார்கள்; நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊட்டக்கூடாது. தோலைப் பார்த்துப் பழகிய அதே கண்தான் இந்த வியர்வையையும் கவனிக்கும்.

ஆனால் பயிற்றுநர் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஒருமுறையும் கேட்காமல் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தால், அது குறைதான். அப்போது மகள் தாமே சென்று காரணங்களைக் கேட்கத் தயங்கக்கூடாது. படிப்பு முடிந்து, மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற்ற பிறகு, இப்படிப் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவர் எப்போதும் இருக்கமாட்டார்.

இன்றிரவு மகள் வந்ததும், அந்த நோயாளியை ஏன் அந்தப் பக்கம் சாய்த்தாய், பிறகு தோல் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். நோயாளியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அதை வீட்டில்கூட அவர் சொல்லக்கூடாது.